பிளாஸ்க் டீக்காகச் செய்தது இல்லையாமே?

சிம்ஸ்பார்க் டீக்கடை கேட்டது:

குன்னூர் சிம்ஸ் பூங்காவிலிருந்து வண்டிச்சோலை போகிற வழியில் எனக்கு ஒரு சின்ன டீக்கடை. டீயோடு வர்க்கி, தைலம், தீப்பெட்டி, குடை எல்லாம் விற்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஈரக்கை வழுக்கி இரண்டு லிட்டர் பிளாஸ்க் கீழே விழுந்தது. வெளியே கீறல்கூட இல்லை; ஆட்டிப் பார்த்தால் உள்ளே சலங்கைச் சத்தம். போச்சு.

மழைக்கு ஒதுங்கி நின்ற கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், “அக்கா, அது டீக்குச் செய்ததே இல்லை. ஜில்லென்று வைக்கக் கண்டுபிடித்தது” என்றான். இருபது வருடமாக அதில் சூடாக டீ ஊற்றி விற்கிறவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? என் வீட்டுக்காரர் நாலு வர்க்கி பந்தயம் கட்டிவிட்டார். யார் சொல்வது சரி? அப்புறம், என் கடை அலமாரியில் இருக்கிற மற்ற சாமான்களும் இப்படி ஒன்றுக்குப் பிறந்து இன்னொன்றுக்கு வாழ்க்கைப்பட்டவைதானா?

பழைய இயற்பியல் வாத்தியார், ஊட்டி:

வர்க்கியைக் கொடுத்துவிடுங்கள் அம்மா. பையன் சொன்னது சரி.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜேம்ஸ் டேவர் என்று ஒரு விஞ்ஞானி. வாயுக்களைக் குளிரவைத்துத் திரவமாக்குவது அவர் வேலை. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும். நம் ஊர் ஜனவரிக் குளிர்கூட அதற்குக் கொதிக்கிற அடுப்பு மாதிரி. சாதாரணப் பாத்திரத்தில் ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகிவிடும். அதற்காக 1892-ல் அவர் ஒரு கண்ணாடிக்குள் இன்னொரு கண்ணாடியை வைத்து, நடுவிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். நடுவில் ஒன்றுமே இல்லையென்றால் வெப்பம் எதைப் பிடித்துக்கொண்டு தாண்டும்? கதிராகப் பாய்கிற வெப்பத்தைத் திருப்பி அனுப்பத்தான் அந்த வெள்ளிப் பூச்சு. வெப்பம் வெளியே போகாது, உள்ளேயும் வராது. உள்ளே இருப்பது டீயா ஆக்சிஜனா என்று பிளாஸ்க்குக்குத் தெரியாது.

டேவர் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். ரைன்ஹோல்ட் புர்கர் என்ற ஜெர்மன் கண்ணாடிக் கலைஞர் அதற்கு உலோக உறை போட்டு 1903-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே ‘தெர்மோஸ்’ என்று பெயர் வைத்து விற்பனைக்கு வந்தது. கிரேக்கத்தில் அது சூட்டைக் குறிக்கிற சொல். குளிருக்குப் பிறந்த பிள்ளைக்குச் சூட்டின் பெயர்!

உடைந்த கண்ணாடியை எறியவில்லை என்றால் அடிப்பக்கத் துண்டைத் தேடிப் பாருங்கள். சின்னதாக ஒரு கூர் இருக்கும். காற்றை உறிஞ்சிவிட்டு உருக்கி அடைத்த இடம் அது. கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

சிம்ஸ்பார்க் டீக்கடை:

சார், குப்பைக் கூடையில் கிளறினேன். இருக்கிறது! மிளகு அளவுக்கு ஒரு மூக்கு. இத்தனை வருடத்தில் நாலு பிளாஸ்க் உடைத்திருப்பேன், ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. வர்க்கி நாலும் தனியாக எடுத்து வைத்தாயிற்று. பையன்தான் ஆளைக் காணோம்.

அடுத்தது தீப்பெட்டி. ஐப்பசி மழையில் பண்டல் பண்டலாக நமுத்துப் போகிறது. சினிமாவில் செருப்பில் உரசிப் பற்றவைக்கிறார்கள். நான் சுவரில் உரசிப் பார்த்தேன், குச்சியின் தலை உதிர்ந்ததுதான் மிச்சம்.

சாத்தூர்க்காரன், இப்போது வெலிங்டனில்:

அக்கா, தீப்பெட்டி என்றால் எங்கள் ஊரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பீர்கள்? சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவன் நான்.

குச்சியில் பாதி மருந்துதான் இருக்கிறது. மீதிப் பாதி பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருக்கிறது. அதில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். குச்சித் தலையில் பாஸ்பரஸே கிடையாது. இரண்டும் உரசிக்கொண்டால்தான் நெருப்பு. 1844-ல் ஸ்வீடன்காரர் பாஷ் இப்படிப் பிரித்து வைத்தார். முன்பு குச்சியிலேயே வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும். ஆனால் அதைச் செய்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகிப் போனது. சினிமாச் செருப்பை நம்பாதீர்கள்.

உங்கள் கடையில் பெரும்பாலும் பெட்டியின் பக்கம்தான் முதலில் ஈரமாகிறது. குச்சியை எறிந்துவிடாமல் வேறு காய்ந்த பெட்டியில் உரசிப் பாருங்கள். பண்டலை மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் வையுங்கள், போதும்.

இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள். உரசும் தீக்குச்சிக்கு முன்பே லைட்டர் வந்துவிட்டது. ஜெர்மனியில் டோபரைனர் 1823-ல் செய்தார். துத்தநாகத்தில் அமிலம் பட்டு ஹைட்ரஜன் வரும், அது பிளாட்டினத்தில் பட்டுப் பற்றும். மேசை மேல் வைக்கிற சைஸ், பையில் போட முடியாது. உரசும் குச்சி இங்கிலாந்து மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர் கையிலிருந்து 1827-ல்தான் விற்பனைக்கு வந்தது. இவரும் காப்புரிமை வாங்கவில்லை. நல்லவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் போல.

பாலாடா பூந்தோட்டம்:

கேத்தி பாலாடாவில் பசுமைக்குடில் போட்டுக் கார்னேஷன் வளர்க்கிறேன். உங்கள் அலமாரியில் இல்லை, ஆனால் புது பிளாஸ்க் வாங்கினால் அதைச் சுற்றி வரும்: டப் டப் என்று உடைக்கிற குமிழ்த்தாள். 1957-ல் அமெரிக்காவில் ஃபீல்டிங், ஷவான் என்று இரண்டு பேர் அதைச் செய்தது சுவரில் ஒட்டுகிற அலங்காரத் தாளாக! யாரும் சீந்தவில்லை. அப்புறம் பசுமைக்குடிலுக்குக் குளிர் தாங்கும் போர்வை என்று சொல்லிப் பார்த்தார்கள், அதுவும் எடுபடவில்லை. ஐபிஎம் கம்ப்யூட்டர்களைப் பொதிந்து அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் வாழ்வு வந்தது.

போன தை மாத உறைபனியில் நான் நாற்றுத் தட்டுகள் மேல் அதைத்தான் விரித்தேன். “பொம்மைக் காகிதத்தைப் போட்டுப் பயிரைக் காப்பாற்றப் போகிறானாம்” என்று எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) முழுக்க என் அப்பா சொல்லிவிட்டார். இப்போது போய்ச் சொல்கிறேன், கண்டுபிடித்தவனே செய்து பார்த்தது என்று. (நாற்று பாதிக்கு மேல் பிழைத்தது.)

பழைய இயற்பியல் வாத்தியார், ஊட்டி:

குடையை விட்டுவிட்டீர்களே. ஆங்கிலத்தில் அதன் பெயரே லத்தீன் ‘நிழல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் அரசர்களின் வெண்கொற்றக் குடையும் நிழலுக்குத்தான், மழைக்கு இல்லை. தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்கள் சாக்கை மடித்துக் கொங்காடை போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். மழையை உண்மையில் தாங்கியது அதுதான்.

உங்கள் தைலமும் அப்படியே. நாம் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843 வாக்கில் இந்த மலைக்கு வந்தது விறகுக்காக. மூக்கடைப்புக்காக யாரும் கப்பலில் ஏற்றவில்லை.

சிம்ஸ்பார்க் டீக்கடை:

பிஸ்கட் டின் யோசனை வேலை செய்கிறது, சாத்தூர்த் தம்பி. மூன்று நாளாக எல்லாப் பெட்டியும் பற்றுகிறது.

கண்ணாடி வேண்டாம் என்று இந்தத் தடவை ஸ்டீல் பிளாஸ்க் வாங்கினேன். சார், அடியில் தடவித் தடவிப் பார்த்தேன், மூக்கைக் காணோம். காற்றை எந்த வழியாக எடுத்தார்கள்?

பழைய இயற்பியல் வாத்தியார், ஊட்டி:

அடித் தகட்டுக்கு உள்ளே மறைத்திருப்பார்கள். தயவுசெய்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

சிம்ஸ்பார்க் டீக்கடை:

என் வீட்டுக்காரர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். ஒளித்து வைக்கிறேன்.