புதுப்பிப்பு: நேரே கேட்கலாமா?

மட்டக்களப்பில் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசியில் தொண்டராவது பற்றிய முந்தைய இழைக்கு வந்த முக்கியக் கேள்வி: அழைப்பவரிடம் தற்கொலை பற்றி நேரே கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாதா? தூண்டாது. "சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். மௌனம் நீளும், நீளட்டும்.

"என்ன மனே, பிள்ளைகள நினைக்கல்லயா?" புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். குற்ற உணர்ச்சி கூடும், பேச்சு அறுந்துவிடும். நுண்கடனால் நொந்தவரிடம் கடனைப் பற்றியே கேளுங்கள்: எத்தனை கடன், அடுத்த தவணை எப்போது?

"ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்து உடனடி என்றால் அருகில் ஆள் வரும்வரை இணைப்பைத் துண்டிக்காமல், இன்னொரு தொண்டர் 1990 அம்புலன்ஸை அழைக்கவேண்டும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை என்றால் ஊர்ப் பெயர் போதாது. கோயிலோ சந்தியோ கேட்டு எழுதுங்கள். மற்றபடி தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உதவித் தொலைபேசி இருக்கிறது, 24 மணி நேரமும்.