இலவசத் திட்டமும் கட்சிக்காரர் தயவும் ஒன்றா?

வைப்பாற்றான்: 2006-இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, 2023 செப்டம்பரிலிருந்து மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் என நீளும் திட்டங்களையும், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு தெருத்தெருவாகப் போகும் பணத்தையும் சேர்த்து ‘ஓட்டுக்கு லஞ்சம்’ என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. முதல் வகை அரசாணையின்படி நடக்கிறது. எதிர்க்கட்சிக்கு வாக்களித்த வீட்டுக்கும் அந்த மிக்சி உண்டு. இரண்டாவதில் யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்பது வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் கட்சிக்காரரின் விருப்பம். தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று 2013-இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது.

செம்மண்காடு: அதே தீர்ப்பு, இலவசங்கள் நேர்மையான தேர்தலின் வேரையே பெருமளவு அசைக்கின்றன என்றும், தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்க வேண்டும் என்றும் சொன்னதை விட்டுவிட்டீர்கள். தீர்ப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அன்றாட நடைமுறை. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் கேட்கும் ஒரு பெண், வருமானச் சான்றிதழுக்காக நடையாய் நடந்து களைத்துப்போய்க் கிளைச் செயலாளரிடமோ கவுன்சிலரிடமோ நிற்கிறார். உத்தரவு வந்தபின் ‘நான்தான் மனு போட்டு வாங்கிக் கொடுத்தேன்’ என்கிறார் அவர். சட்டப்படி உரிமையாக இருந்தது, அந்தப் பெண்ணின் மனத்தில் ஒரு மனிதர் செய்த உதவியாகிவிடுகிறது. அடுத்த தேர்தலில் அந்த நன்றிக்கடனைத்தான் கட்சி கேட்டு வாங்குகிறது. அரசாணை இருக்கிறது என்பதற்காக இதைத் தனிவகை என்று எப்படி ஒதுக்குவது?

தென்கரை: பணப் பட்டுவாடாவைச் சின்ன விஷயமாக்கிவிட வேண்டாம். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அது தேர்தலில் வெல்லும் ஒரு ‘பார்முலா’வாகவே பேசப்பட்டது. 2017-இல் ஆர்.கே.நகரிலும் 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலே ரத்தானது.

வைப்பாற்றான்: செம்மண்காடு சொல்லும் பெண்ணை நானும் அறிவேன், ஆனால் அவரை இடைத்தரகரிடம் அனுப்பியது தகுதி நிபந்தனை, இலவசம் அல்ல. 1997-இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டின்படி பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் அரிசி என்ற முறையையே தொடர்ந்தது. ரேஷன் கடைக்குப் போய் அரிசி வாங்க இன்று யாரும் கவுன்சிலரின் சிபாரிசைத் தேடுவதில்லை. எடை குறைந்தால் கடைக்காரரிடம் சண்டை போடுகிறார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவிலும் தட்டேந்தும் குழந்தையின் பெற்றோர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. எங்கே ‘தகுதியானவர்’ என்ற வடிகட்டி வருகிறதோ, அங்கேதான் தயவுக்கு வேலை வருகிறது.

செம்மண்காடு: அப்படியானால் உங்கள் வாதம் மகளிர் தொகைக்கே எதிராகத் திரும்புகிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நன்செய் ஐந்து ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட் என்ற வரம்புகள் அதில் இருந்தன; நிராகரிக்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் உள்ளூர்க் கட்சிக்காரருக்கு மதிப்பு கூடுகிறது. சத்துணவிலும் சாப்பாடு பொதுவானது, சமைக்கும் வேலை அப்படி இல்லை. அமைப்பாளர், உதவியாளர் பணிகளுக்கு யார் சிபாரிசு என்ற கேள்வி ஊரில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. எனவே திட்டத்தை ஆதரிக்கும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு மனுவுக்கும் உரிய காரணத்தையும், ஒவ்வொரு நியமனத்துக்கும் பின்பற்றிய அளவுகோலையும் கிராம சபையில் அதிகாரிகள் வாசித்தாக வேண்டும் என்பதையும் உங்கள் கோரிக்கையில் சேர்ப்பீர்களா?

வைப்பாற்றான்: சேர்ப்பேன். வரம்புகளையே நீக்க வேண்டும் என்பதையும் அதற்கு முன்னால் வைப்பேன். அதை நீங்கள் ஏற்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

செம்மண்காடு: ஏற்கவில்லை. நிலமும் வருமானமும் உள்ளவருக்கும் அதே ஆயிரம் போவதைவிட, அந்தப் பணத்தில் விதவை ஓய்வூதியத்தை உயர்த்தலாம்.