கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் படியவில்லை, அவுட்லெட்டில் போகிறது – அவசரம்

ஆத்தூர்_ஈடிபி: வணக்கம். எங்கள் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு வாரமாகக் கிளாரிஃபையரில் (தெளியவைக்கும் தொட்டி) ஸ்லட்ஜ் (அழுக்கைத் தின்னும் பாக்டீரியாச் சேறு) படியவே இல்லை. வெயர் (தண்ணீர் வழியும் விளிம்பு) மேல் வழிந்து வெளியே போகிறது. அவுட்லெட் சிஓடி (அழுக்கை ரசாயன முறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 400ஐத் தாண்டிவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இருந்து சாம்பிள் எடுக்க வரப் போகிறார்கள். பாலி (அழுக்கைத் திரட்டிப் படியவைக்கும் பாலிமர்) போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

தெளிநீர்: என்ன ஆலை சார்? சாயமா, பாலா, தோலா? நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? எம்எல்எஸ்எஸ் (டேங்கில் லிட்டருக்கு எத்தனை மி.கி. ஸ்லட்ஜ்), எஸ்வி30 (ஒரு லிட்டரில் 30 நிமிடத்தில் படியும் ஸ்லட்ஜ், மி.லி.யில்), டிஓ (கரைந்த ஆக்சிஜன்) மூன்றும் வேண்டும். அவுட்லெட் ஓடைக்கா, நிலத்துக்கா? ஓடைக்கு என்றால் பொது விதிப்படி லிட்டருக்கு மி.கி. கணக்கில் பிஓடி (பாக்டீரியா அழுக்கைத் தின்னத் தேவையான ஆக்சிஜன்) 30, சிஓடி 250, எஸ்எஸ் (கரையாமல் மிதக்கும் திடப்பொருள்) 100. நிலத்துக்கு பிஓடி 100, எஸ்எஸ் 200. உங்கள் கன்சென்ட் ஆர்டரில் (வாரியம் தந்த அனுமதி) வேறு அளவு இருந்தால் அதுதான் செல்லும்.

கொங்கு_கல்ச்சர்: பாக்டீரியா செத்துவிட்டது. நல்ல கல்ச்சர் பவுடர் போடுங்கள், சரியாகிவிடும்.

மூத்த_பொறியாளர்: விவரம் இல்லாமல் கேட்காதீர்கள் என்று இங்கே பலமுறை எழுதிவிட்டேன். எஸ்வி30 கூட எழுதத் தெரியாதவர் கையில் ஏரேஷன் டேங்கை (காற்றூட்டும் தொட்டி) கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆத்தூர்_ஈடிபி: மன்னிக்கவும் சார், பதற்றத்தில் எழுதினேன். சேகோ (ஜவ்வரிசி) ஆலை. 300 கேஎல்டி (நாளைக்கு 300 கிலோலிட்டர்). பயோகேஸ் டைஜஸ்டரைத் தாண்டி ஏரேஷனுக்கு வருகிறது, அங்கே பிஓடி 400 வாக்கில் இருக்கும். எம்எல்எஸ்எஸ் 3200, எஸ்வி30 850. ஓடைக்குத்தான் போகிறது.

மரவள்ளி: சேகோவா? அப்படியென்றால் சயனைடுதான். கிழங்குத் தோலில் இருந்து வரும். முதலில் அதை டெஸ்ட் செய்யுங்கள்.

தெளிநீர்: சயனைடு தாக்கினால் பாக்டீரியா மூச்சு வாங்குவது குறையும், டிஓ ஏறும், தண்ணீர் கலங்கலாக வரும். இது வேறு மாதிரி தெரிகிறது. 850ஐ 3200ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் எஸ்விஐ (ஸ்லட்ஜ் எவ்வளவு உப்புகிறது என்ற குறியீடு) 266. 150ஐத் தாண்டினாலே இழை பாக்டீரியா பெருகியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது பிரித்த பஞ்சு போல உப்பிக்கொண்டு படியாது. ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு லிட்டர் சிலிண்டரில் பாதி டேங்க் ஸ்லட்ஜ், பாதி தெளிந்த அவுட்லெட் தண்ணீர் ஊற்றி 30 நிமிடம் விடுங்கள். சட்டென்று கீழே இறங்கினால் ஸ்லட்ஜ் அதிகம் என்று அர்த்தம், வெளியே எடுத்தால் போதும். அப்படியும் உப்பி நின்றால் இழைதான்.

சேகோ தண்ணீரில் மாவுச்சத்துதான் நிறைய, நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. பிஓடி 100க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 வேண்டும். உங்கள் கணக்குக்கு நாளைக்கு 120 கிலோ பிஓடி, அதற்கு 6 கிலோ நைட்ரஜன், 1.2 கிலோ பாஸ்பரஸ். டிஏபி 6 கிலோ, யூரியா 11 கிலோ போட்டால் வந்துவிடும். ஆனால் டைஜஸ்டர் தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு என்று பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அதிகம் போட்டால் அம்மோனியா அவுட்லெட்டில் போய் நிற்கும். டிஓ இன்னும் சொல்லவில்லையே?

கொங்கு_கல்ச்சர்: இதெல்லாம் நாள் பிடிக்கும். சாம்பிள் எடுக்கும் வரை போர்வெல் தண்ணீரைக் கலந்து விடுங்கள், அளவு தானாக இறங்கும்.

வசிஷ்டநதி: இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தண்ணீர் கலந்தால் ஓடைக்குப் போகும் அழுக்கு ஒரு கிலோ கூடக் குறையாது. நிலத்தடி நீரும் வீண். கீழே எங்கள் கிணற்றில்தான் வந்து சேர்கிறது. ஆலை ஓட வேண்டும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம், எங்கள் கிழங்கும் அங்கேதான் போகிறது.

மரவள்ளி: சாணம் கரைத்து ஊற்றுங்கள். எங்கள் பக்கம் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

மூத்த_பொறியாளர்: சாணம் புது டைஜஸ்டரைத் தொடங்கும்போது போடுவது. ஓடும் ஏரேஷன் டேங்கில் கொட்டினால் எஸ்எஸ்தான் ஏறும்.

மரவள்ளி: நீங்கள் சேகோ ஆலைக்குள் கால் வைத்ததுண்டா சார்? பிப்ரவரியில் கிழங்கு வரத்து எப்படி இருக்கும் என்று தெரியுமா?

மூத்த_பொறியாளர்: வரத்துக்கும் சாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

தெளிநீர்: இரண்டு பேரும் தனிப் பதிவில் பேசிக்கொள்ளலாமே. ஆத்தூர் சார், டிஓ?

ஆத்தூர்_ஈடிபி: சிலிண்டர் சோதனை செய்தேன், உப்பித்தான் நிற்கிறது. டிஓ 0.6. இரண்டு ப்ளோயரில் (டேங்குக்குக் காற்று அடிக்கும் இயந்திரம்) ஒன்று மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போயிருக்கிறது.

தெளிநீர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் சார். டிஓ 2க்குக் கீழே இருந்தால் இழைக்குத்தான் கொண்டாட்டம். வாடகைக்காவது ஒரு ப்ளோயர் கொண்டுவந்து ஓட்டுங்கள். அதுவரை ஆலையில் அரைப்பைக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். ரிட்டர்ன் லைனில் (ஸ்லட்ஜை டேங்குக்குத் திருப்பும் குழாய்) ஹைப்போ (குளோரின் கரைசல்) போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அளவு தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள், நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும்.

ஆத்தூர்_ஈடிபி: ப்ளோயர் வந்துவிட்டது. டிஓ 2.1. யூரியா, டிஏபி போடுகிறோம். எஸ்வி30 இப்போது 520, வழிவது நின்றது. நன்றி சார்.

தெளிநீர்: நல்லது. அவுட்லெட் அம்மோனியா பார்த்தீர்களா? பிஓடி ரிசல்ட் வர மூன்று நாள் ஆகும், வந்ததும் எழுதுங்கள்.

வசிஷ்டநதி: நானும் காத்திருக்கிறேன்.