புதுப்பிப்பு: வரைவுக்கு ஒப்புதல் சொல்ல 'சவுண்ட்ஸ் குட்'டா, 'அப்ரூவ்ட்'டா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. லண்டன் வாடிக்கையாளர் அனுப்பிய வரைவுக்குச் சம்மதம் சொல்ல 'சவுண்ட்ஸ் குட்', 'லுக்ஸ் குட்', 'ஃபைன்', 'அப்ரூவ்ட்' இவற்றில் எது பொருந்தும் என்று கேட்டிருந்தேன்.

"யோசனைக்கும் திட்டத்துக்கும் சவுண்ட்ஸ் குட், பார்த்து முடித்த ஆவணத்துக்கு லுக்ஸ் குட்" என்று ஒருவர் பிரித்துக் காட்டியதுதான் கைகொடுத்தது. வரைவை முழுதாகப் படித்துவிட்டு 'லுக்ஸ் குட் டு மீ' என்று எழுதினேன். கூடவே இன்னொருவர் சொன்ன 'ஹேப்பி ஃபார் யூ டு ப்ரொசீட்'. பிரிட்டிஷ் அலுவலக மடல்களில் இது சகஜம். பணிவும் இருக்கிறது, வேலையைத் தொடங்கலாம் என்ற தெளிவும் இருக்கிறது. அன்றே தொடங்கிவிட்டார்கள்.

எதிர்பாராதது ஒன்று: அவர்கள் கணக்குப் பிரிவு, கோப்புக்காக 'அப்ரூவ்ட்' என்ற சொல்லோடு தனி மடல் கேட்டது. அது அதிகாரம் உள்ளவர் சொல்ல வேண்டியது என்பதால் மேலாளரே அனுப்பினார்.

அப்புறம், 'ஃபைன்' வேண்டாம் என்றவர்கள் சொன்னது மிகச் சரி. எழுத்தில் தனியாக நின்றால் அரைமனதாகத் தொனிக்கிறது. 'க்வைட் குட்' பற்றியும் கவனம்: அமெரிக்கர்களுக்கு அது நல்ல பாராட்டு, பிரிட்டிஷ்காரர்களுக்குப் பல சமயம் வெறும் 'பரவாயில்லை'.