வெற்றிடமெல்லாம் மேற்கோள் குறி: எஸ்3 ட்ரையோ கார்டைக் காப்பாற்ற முடியுமா?

கொழிஞ்சாம்பாறை டிடிபி கேட்டது:

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். கடை மூலையில் அப்பா காலத்துப் பென்டியம் ஒன்று இன்னும் உழைக்கிறது. எம்எஸ்-டாஸ் 6.22. அதில் ஓடுவது ஜாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்றுதான். ராசி, அம்சக் கட்டங்களைத் தமிழில் போட்டு, தமிழ் ஆண்டோடு கொல்லம் ஆண்டையும் சேர்த்து அச்சடித்துத் தரும். எல்லைக்கு இரு பக்கமும் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் ஊர் இது. பொள்ளாச்சிச் சம்பந்திக்கு ஒரு கணக்கு, சித்தூர்ச் சம்பந்திக்கு வேறு கணக்கு. இரண்டும் ஒரே தாளில் வேண்டும் என்றால் இந்தக் கிழட்டுப் பெட்டியிடம்தான் போக வேண்டியிருக்கிறது. வேறு கணினிக்கு மாற்றலாம் என்றால் பிரிண்டர் போர்ட்டில் ஒரு டாங்கிள் தொங்குகிறது. அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. எழுதிக் கொடுத்தவர்கள் கடையைக் கட்டிப் பல காலம் ஆகிறது.

திரைக்குப் படம் அனுப்பும் கார்டு எஸ்3 ட்ரையோ64வி பிளஸ், மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகியது, மெமரி 1 எம்பி. மெமரி ஐசி இரண்டும் போர்டிலேயே சால்டர் செய்தவை. பக்கத்தில் இரண்டு சாக்கெட்டுகள் காலியாக இருக்கின்றன.

இப்போது கோளாறு. மெஷினைப் போட்டால் திரையில் வெற்றிடம் இருக்க வேண்டிய இடமெல்லாம் இரட்டை மேற்கோள் குறி. டிஐஆர் என்று தட்டினால் எஃப்கேஆர் என்று விழுகிறது. ஆனால் கட்டளை வேலை செய்கிறது, கோப்புப் பட்டியலும் வருகிறது. அதிலும் ஆங்கில ஏ எல்லாம் சி, இ எல்லாம் ஜி. பி, சி, எஃப் போன்ற சில எழுத்துகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஜாதக மென்பொருள் கிராஃபிக்ஸ் திரைக்குப் போனதும் எழுத்துகள் சரியாகிவிடுகின்றன. அதற்குப் பதில் கறுப்புப் பின்னணியில் மெல்லிய நீலக் கோடுகள், மேலிருந்து கீழாக, அளந்து வைத்த இடைவெளியில். வெள்ளைப் பகுதியில் கோடு கிடையாது. அச்சில் ஒரு குறையும் இல்லை. மழை பெய்த காலைகளில் மோசமாக இருக்கிறது. மெஷின் சூடானால் சில நாள் தானாகவே தெளிந்துவிடுகிறது.

பாலக்காட்டில் ஒரு கடையில் காட்டினேன். வைரஸ், ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மீனாட்சிபுரம்:

முதலில் கார்டைக் கழற்றி, தங்கப் பூச்சுள்ள விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் நன்றாகத் துடைத்துப் போடுங்கள் சகோதரி. ஆடிக் காற்றில் நம் பக்கம் பெட்டிக்குள் சேரும் புழுதி கொஞ்சமா? தீரவில்லை என்றால் எந்தப் பழைய பிசிஐ விஜிஏ கார்டும் அந்த மென்பொருளுக்குப் போதும். மாற்றிப் போட்டுவிட்டுத் தொழிலைப் பாருங்கள்.

பொள்ளாச்சி ரேடியோ:

அம்மிணி, நீங்கள் எழுதிய விவரத்திலேயே பாதி ரிப்பேர் முடிந்துவிட்டது.

கணினிக்கு எழுத்து என்பது எண். ஏ 65, சி 67. இ 69, ஜி 71. வெற்றிடம் 32, இரட்டை மேற்கோள் 34. எல்லாவற்றிலும் இரண்டு கூடியிருக்கிறது. ஆனால் இது கூட்டலாக இருந்தால் 66 ஆன பி, 68 ஆகி டி என்று காட்ட வேண்டும். பி பியாகவே நிற்கிறது. கணினி எண்ணை 0, 1 என்ற பிட்களாகத்தான் வைத்திருக்கிறது. ஆக, அவற்றில் இரண்டின் மதிப்புள்ள பிட் எப்போதும் 1 என்றே படிக்கப்படுகிறது. பி, சி, எஃப் ஆகியவற்றில் அந்த பிட் ஏற்கெனவே 1. அதனால்தான் அவற்றுக்குச் சேதம் இல்லை.

நீலக் கோடும் இதே கதைதான். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏவில் மெமரி நான்கு தளங்களாகப் பிரிந்திருக்கிறது. எழுத்துத் திரையில் முதல் தளத்தில் எழுத்தின் எண், அடுத்ததில் நிறம், மூன்றாவதில் எழுத்தின் வடிவம். 16 நிற கிராஃபிக்ஸ் திரைக்குப் போனால் அந்த முதல் தளமே நீலம். ஒரு பைட்டுக்கு எட்டுப் புள்ளி. அதில் ஒரு பிட் அடம்பிடித்தால் எட்டுப் புள்ளிக்கு ஒரு நீலப் புள்ளி. 640 புள்ளி அகலத்தில் 80 கோடு வர வேண்டும், எண்ணிப் பாருங்கள். வெள்ளையில் நீலம் ஏற்கெனவே கலந்திருப்பதால் அங்கே தெரியாது. வைரஸுக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

அச்சு சரியாக வருவதால் மதர்போர்டின் மெமரியில் குற்றமில்லை. மீனாட்சிபுரத்தார் சொன்ன ரப்பரால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் இதற்கு அது மருந்தல்ல. பிசிஐயில் முகவரியும் தரவும் ஒரே கம்பிகளில் மாறி மாறிப் போகின்றன. அதில் ஒன்று அறுந்தால் திரையில் எஃப்கேஆர் பார்க்கும் அளவுக்குக்கூட மெஷின் வந்திருக்காது. எஸ்3 சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே ஓடும் 32 தரவுக் கம்பிகளில் ஒன்றுதான் கள்ளன்.

ஈரத்தில் கெட்டுச் சூட்டில் தெளிகிறது என்பதால் மெமரி ஐசி செத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. டிரை சால்டர், அதாவது ஈயம் காலோடு சரியாக ஒட்டாத இணைப்பு. மெஷின் ஓடும்போதே காய்ந்த மூங்கில் குச்சியால் மெமரி ஐசியை லேசாக அழுத்துங்கள், பிறகு பெரிய சிப்பின் நான்கு மூலைகளையும். ஸ்க்ரூடிரைவர் பக்கமே போகாதீர்கள். எங்கே அழுத்தினால் மேற்கோள் குறிகள் மறைகின்றனவோ அங்கே வேலை. மெமரி ஐசியின் கால்கள் உள்பக்கமாக மடங்கியிருக்கும், விரிசல் வெளியே தெரியாது. மல்டிமீட்டர் பிடிப்பவர் ஐசி படத்தில் 'இது இந்த பிட்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒரே பைட்டுக்குள் கம்பிகளை இடம் மாற்றி இழுத்தாலும் மெமரி வேலை செய்யும் என்பதால், போர்டு வரைந்தவர்கள் வசதிப்படி இழுத்திருப்பார்கள். மெமரிக் காலிலிருந்து எஸ்3 கால் வரை, போர்டில் ஓடும் செம்புக் கோடான ட்ராக்கைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

காலிச் சாக்கெட்டில் புது ஐசி செருகினால் தீரும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பழைய ஐசி பழைய இடத்தில்தான் இருக்கும், கோளாறும் அங்கேயே இருக்கும்.

களியக்காவிளை:

ரேடியோ அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் எங்கள் பக்கம் கடல் காற்று. சால்டரைவிட ட்ராக்கும், போர்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் சிறு துளைகளும்தான் முதலில் பச்சை பிடித்து அரிக்கும். இரும்பைச் சூடாக்குவதற்கு முன் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் கொண்டு கழுவி, காயவைத்து, லென்ஸில் பாருங்கள். ஹாட் ஏர் மட்டும் எடுத்த எடுப்பில் வேண்டாம். காலிச் சாக்கெட்டின் பிளாஸ்டிக் உருகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை டிடிபி:

ரேடியோ ஐயா, கோடு 80தான். ஸ்கேலை வைத்து எண்ணி முடிப்பதற்குள் கண் பூத்துவிட்டது.

கழுவிப் பார்த்தேன், பச்சை எதுவும் இல்லை. மெமரி ஐசிகளை அழுத்தினால் மாற்றமே இல்லை. எஸ்3 சிப்பின் ஒரு மூலையில் குச்சி பட்டதும் திரை பளிச்சென்று காலியானது, எடுத்ததும் மேற்கோள் குறிகள் திரும்பி வந்தன. பக்கத்துக் கடையில் மொபைல் சரிசெய்யும் தம்பியிடம் மைக்ராஸ்கோப் இருக்கிறது. அவர் ஊசி முனையால் அந்த வரிசைக் கால்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு கால் மட்டும் ஈயத்துக்குள் ஆடியது. ஈயம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, காலைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு மட்டும். ஃபிளக்ஸ் தடவி நுனி மெல்லிய இரும்பால் தொட்டார். கையோடு அந்த வரிசை முழுவதையும் ஒரு முறை ஓட்டிவிட்டார். டிஐஆர் இப்போது டிஐஆர்தான். மழைக்குப் பிறகும் பார்த்துவிட்டேன், மாறவில்லை. காசு வாங்க மறுத்து, தன் ஜாதகத்தைப் போட்டுத் தரச் சொன்னார்.

காலிச் சாக்கெட்டுகளை நிரப்பினால் ஏதாவது பயன் உண்டா?

பொள்ளாச்சி ரேடியோ:

உங்கள் வேலைக்கு இல்லை. 640க்கு 480, 16 நிறம் என்றால் 1,53,600 பைட். இருக்கிற 1 எம்பியிலேயே மிச்சம்தான். அந்தப் பணத்தில், ஹார்ட் டிஸ்க் இடத்தில் மெமரி கார்டைப் பொருத்த உதவும் ஐடிஇ காம்பாக்ட் ஃபிளாஷ் அடாப்டர் ஒன்று வாங்கி, ஹார்ட் டிஸ்கை அப்படியே நகல் எடுத்து வையுங்கள். அதையும் அந்தத் தம்பியை வைத்தே செய்யலாம். டாங்கிளில் தூசி துடைக்கிறேன் என்று அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள் அம்மிணி. அது போனால் எனக்கும் வழி தெரியாது.