ஆன்லைன்ல பவர் கண்ணாடி வாங்கினவங்க, உடைஞ்ச ஃப்ரேமை ஒட்டினவங்க… உங்க கதையைச் சொல்லுங்க

சோடாபுட்டி:
மக்களே, எனக்கு ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 6. ஆறாங்கிளாஸ்ல இருந்தே கண்ணாடி, பட்டப்பேரே இதான். போன தீபாவளி ஆஃபர்ல முதல் தடவையா ஆன்லைன்ல போட்டேன், தெருமுனை கடையில 1.67 இண்டெக்ஸ் லென்ஸோட, அதாவது பவர் அதிகமா இருந்தாலும் மெல்லிசா வர்ற லென்ஸோட, 6,500 சொன்னாங்க, ஆன்லைன்ல ஃப்ரேமையும் சேர்த்தே 2,400, யாருக்குத்தான் கை துறுதுறுங்காது. நாலே நாள்ல பார்சல் வந்துச்சு. போட்டா எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, ஆனா அரை மணி நேரத்துல ரெண்டு புருவத்துக்கும் நடுவுல யாரோ கட்டைவிரலை வச்சு அமுக்குற மாதிரி ஒரு வலி. புதுக் கண்ணாடின்னா ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும்னு வீட்ல சொன்னாங்க, நானும் பத்து நாள் பல்லைக் கடிச்சுகிட்டு போட்டேன். பதினோராவது நாள் ராத்திரி எதிர்ல வந்த பஸ்ஸுக்கு நாலு ஹெட்லைட் தெரிஞ்சதும் வண்டியை ஓரங்கட்டிட்டேன்.

வெக்கத்தை விட்டு அதே தெருமுனை கடைக்குத்தான் போனேன். அண்ணன் ஒண்ணும் பேசல. கண்ணாடியை மெஷின்ல வச்சு ஒவ்வொரு லென்ஸோட பவர் மையத்துலயும் ஒரு மைப்புள்ளி வச்சாரு, ஸ்கேலை எடுத்து ரெண்டு புள்ளிக்கும் நடுவுல அளந்தாரு, 63 மில்லிமீட்டர். அப்புறம் என் கண்மணி ரெண்டுக்கும் நடுவுல அளந்தாரு, 57. அவ்ளோதான் விஷயம். ஆர்டர் போடும்போது பி.டி.ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, இந்த கண்மணி இடைவெளிதான் அது, எனக்கு அப்ப அது என்னன்னே தெரியாது, காலியா விட்டுட்டேன், அவங்க பாட்டுக்கு சராசரியா ஒண்ணைப் போட்டு அனுப்பிட்டாங்க.

கடைக்காரண்ணன் கணக்கே போட்டுக் காமிச்சாரு. ஒரு கண்ணுக்கு 3 மில்லிமீட்டர் தள்ளியிருக்கு, அதாவது 0.3 சென்டிமீட்டர், அதை பவரால பெருக்கினா 1.8, அவ்ளோ பிரிசம், அதாவது வெளிச்சத்தை ஒரு பக்கமா வளைக்கிற வேலை, ஒரு கண்ணுக்கு தேவையில்லாம ஏறியிருக்கு, ரெண்டும் சேர்த்தா 3.6. கண்ணு ரெண்டும் வெளிப்பக்கமா விலகி விலகி பார்த்துத்தான் ஒண்ணு சேர்க்கணும், அதான் வலி. இதே தப்பு மைனஸ் 1 இருக்கிறவனுக்கு நடந்தா 0.3தான், அவனுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு சிபாரிசு பண்ண ஃப்ரெண்டுக்கு மைனஸ் 1!

உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?

வெள்ளெழுத்து:
தம்பி, நீங்க பரவால்ல. எனக்கு வயசு 48, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ப்ரோக்ரஸிவ் ஆன்லைன்ல போட்டேன். பி.டி. எல்லாம் சரியாதான் குடுத்தேன். ஆனா ப்ரோக்ரஸிவ்க்கு உயரமும் வேணும், அதாவது நம்ம கருவிழி ஃப்ரேமோட அடி விளிம்புல இருந்து எவ்ளோ மேல நிக்குதுன்னு, அதை அந்த ஃப்ரேமை நம்ம மூக்குல வச்சு மார்க் பண்ணாத்தான் உண்டு. வந்ததைப் போட்டுட்டு பேப்பர் படிக்கணும்னா கோழி தண்ணி குடிக்கிற மாதிரி தலையைத் தூக்கணும். திருப்பி அனுப்பிட்டேன், காசு வந்துச்சு, அதையும் சொல்லிடணும்ல. இப்ப படிக்கிறதுக்கு மட்டும் தனியா ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி வச்சிருக்கேன், அது அருமையா இருக்கு.

ரெண்டு பிள்ளைங்க அம்மா:
என் கதை வேற. பொண்ணுக்கு ரெண்டு இடத்துல கண்ணு டெஸ்ட் பண்ணோம். ஒரு சீட்டுல பிளஸ் 1.00, சிலிண்டர், அதாவது ஒரு திசையில மட்டும் இருக்கிற பவர், பிளஸ் 0.50, ஆக்சிஸ், அதாவது அது நிக்கிற கோணம், 90. இன்னொண்ணுல பிளஸ் 1.50, சிலிண்டர் மைனஸ் 0.50, ஆக்சிஸ் 180. யாரோ ஒருத்தர் தப்பா எழுதிட்டாங்கன்னு ஆஸ்பத்திரிக்கே போய் சண்டை போடத் தயாராயிட்டேன். அங்க இருந்த பொண்ணு சிரிச்சுகிட்டே, அக்கா ரெண்டும் ஒரே பவர்தான், எழுதுற முறைதான் வேறன்னு சொல்லிச்சு. முதல் நம்பரோட சிலிண்டரைக் கூட்டி, சிலிண்டரோட குறியை மாத்தி, ஆக்சிஸை 90 டிகிரி திருப்பணுமாம். ஆனா ஒரு சீட்டுல பாதி இன்னொண்ணுல பாதின்னு எடுத்து டைப் பண்ணீங்கன்னா போச்சு. பிள்ளைங்களுக்கு பாலிகார்பனேட் லென்ஸே போடுங்க, பந்து பட்டாலும் சில்லு சில்லா உடையாது.

டல்லாஸ் வாசி:
இங்க அமெரிக்காவுல டெஸ்ட் முடிஞ்சதும் பவர் சீட்டை கேக்காமலே குடுக்கணும்னு மத்திய அரசு விதி இருக்கு, ஆனா அதுல பி.டி. எழுதித் தரணும்னு கட்டாயம் கிடையாது. கேட்டா ஒரு மாதிரி பாக்குறாங்க, நீ வெளியில வாங்கப் போறன்னு தெரிஞ்சுடும்ல. நான் ஏடிஎம் கார்டை நெத்தியில ஒட்ட வச்சு செல்ஃபி எடுத்து அளந்தேன், கார்டு எந்த ஊர்லயும் 85.6 மில்லிமீட்டர்தான், அந்தக் கணக்குல. மூணு தடவை எடுத்தேன், 61, 64, 62. அப்புறம் ஊருக்கு வந்தப்ப கடையில அளந்தா 62.

மலைக்கோட்டை:
எல்லாரும் லென்ஸ் பத்தியே பேசறீங்க, ஃப்ரேம் உடைஞ்சவன் கதையையும் கேளுங்கப்பா. சின்னவன் மேல உக்காந்துட்டான். மெட்டல் ஃப்ரேம், மூக்குப் பாலம் ரெண்டா போச்சு. அவசரத்துக்கு அஞ்சு ரூபா டியூப் க்ளூ போட்டேன், ஒட்டுச்சு, ஆனா அந்த ஆவி பட்டு லென்ஸ் ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துடுச்சு, அன்னைக்கு சாயங்காலமே ஒட்டும் விட்டுடுச்சு. தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. கடையில கேட்டா ஃப்ரேமை மாத்திடுங்க சார்னு ஒரே பல்லவி.

எங்க அப்பாதான் பெரியகடை வீதிக்குப் பின்னாடி சந்துல நகை செய்யுற ஒரு பத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. பெரியவர் முதல்ல லென்ஸ் ரெண்டையும் கழட்டி என் கையில குடுத்துட்டாரு. ஒடிஞ்ச முனையை சுரண்டி, வெங்காரம் தடவி, துளியூண்டு பத்தவைக்கிற பொடி வச்சு, குழாயை வாயில வச்சு ஊதினாரு பாருங்க, தீ ஊசி மாதிரி அந்த இடத்துல மட்டும் போய் நிக்குது, பொடி உருகி பளபளன்னு ஓடி ஒடிசலுக்குள்ள போய் உக்காந்துச்சு. பொடி வச்சு பேசுறதுன்னு சொல்றோமே, அந்தப் பொடிதான், நான் அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். நூறு ரூபா வாங்கினாரு. அந்த இடத்துல கலர் எரிஞ்சு கருத்துப் போச்சு, வீட்ல நெயில் பாலிஷ் தடவிக்கிட்டேன். ரெண்டு வருஷமாச்சு, இன்னும் அதான் மூக்குல. டைட்டானியம் ஃப்ரேமா இருந்தா என்னால ஆகாது, அதுக்கு லேசர் வேணும்னு அவரே சொல்லிட்டாரு.

சோடாபுட்டி:
மலைக்கோட்டை அண்ணே, என்னோட பழைய ஃப்ரேம் டி.ஆர். 90, அந்த வளையுற பிளாஸ்டிக், சைடு கம்பி கீல் கிட்ட பிச்சுகிட்டு வந்துடுச்சு. பத்தர் பார்ப்பாரா?

மலைக்கோட்டை:
தீயை காட்டினா உருகிடும் தம்பி, க்ளூவும் அதுல நிக்காது. அந்தக் கம்பியோட உள்பக்கம் பாருங்க, 52, 18, 140ன்னு மூணு நம்பர் இருக்கும், லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம். கம்பெனி மாடல் நம்பரும் அங்கேயே இருக்கும். அதே மாடல் ஆன்லைன்ல வெறும் ஃப்ரேமா கிடைச்சா வாங்கி உங்க பழைய லென்ஸை மாட்டிடுங்க. நம்பர் மட்டும் ஒத்துப் போனா பத்தாது, லென்ஸ் வடிவமும் ஒண்ணா இருக்கணும்.

சோடாபுட்டி:
மாடல் நம்பர் பாதி அழிஞ்சிருக்கு. கண்ணுகிட்ட கொண்டு வந்து பார்த்தும் படிக்க முடியல, தங்கச்சி வந்ததும் படிக்கச் சொல்றேன் அண்ணே.