ஹார்ட்வெயார் கடை சாமான்ல கேம்பிங் செட் செய்யலாமா? நாரங்கல போக ஐடியா

தலவாக்கலை பொடியன்
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கூட்டாளிமார் நாலு பேர், பதுளை பக்கம் இருக்க நாரங்கல மலைல ஒரு ராத்திரி தங்கிட்டு அப்புறம் பீக்கோ டிரெயில்ல, அதான் தேயிலை மலைகளுக்குள்ள போற அந்த நீள நடைபாதைல, ஹப்புத்தளை பக்கம் கொஞ்சம் நடக்கலாம்னு இருக்கோம். டென்ட், மெட்னு கடைல வெல கேட்டா ஒரு மாச சம்பளம் போயிரும் போல. யூடியூப்ல அமெரிக்காகாரங்க வீடு கட்டுற சாமான்லயே எல்லாம் செய்றாங்க, டைவெக்னு ஒரு வெள்ளை ஷீட்ட கூரையாவும் போடுறாங்க கீழயும் விரிக்கிறாங்க. அது நம்ம ஊர்ல கெடைக்குமா? இல்லாட்டி என்ன வாங்கலாம்? பிவிசி பைப்ல ஃபிரேம் அடிக்கலாம்னு ஒருத்தன் சொல்றான், செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

ஊவா நடை
தம்பி டைவெக்க தேடி அலையாதீங்க. அங்க பலகைல வீடு கட்டுறாங்க, மழை உள்ள வராம ஆனா உள்ள இருக்க நீராவி வெளிய போற மாதிரி சுவர சுத்தி அத போர்த்துவாங்க. நாம கல்லும் சீமெந்தும் வச்சு கட்டுறவங்க, அதனால சாதாரண கடைல அதுக்கு வேலையே இல்ல. நம்மகிட்ட இருக்கது தறப்பாளும் பொலித்தீன் ரோலும்தான். பொலித்தீன் 500 கேஜ்னா 125 மைக்ரோன், 3 மீட்டருக்கு 3 மீட்டர் வெட்டினா சுமார் 1 கிலோ வரும். 1000 கேஜ் வாங்குனா பாரம் ரெண்டு மடங்கு, சும்மா சுமக்கணும். மூலைல ஓட்டை போடாதீங்க, அதுல இருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். ஒரு உருண்டைக் கல்ல ஷீட்டுக்குள்ள வச்சு சுருட்டி, கல்லுக்குப் பின்னால ஷீட் சுருங்குற கழுத்துல கயித்த இறுக்கி கட்டுங்க, எவ்வளவு இழுத்தாலும் நிக்கும். ரெண்டு பக்கமும் தொறந்தே விடுங்க, பொலித்தீன் மூச்சு விடாது, மூடிட்டு படுத்தா விடிய காலைல நம்ம மூச்சுக் காத்தே தண்ணியாகி மேல சொட்டும்.

பைப் ஃபிரேம் நாரங்கலைக்கு வேண்டவே வேண்டாம். உச்சி பூரா புல்லு, ஒதுங்க மரமில்ல. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஊவா பக்கம் கச்சான் காத்து அடிக்கும் பாருங்க, பைப் வளைஞ்சு ஜொயின்ட் கழண்டுரும். ரெண்டு ஊன்றுகோல், நடுவுல ஒரு கயிறு, அதுமேல ஷீட்ட போட்டு காத்து வர்ற பக்கத்த தரையோட தாழ்த்தி கட்டுங்க. காத்துக்கு உயரம்தான் எதிரி.

மேசன் வேலை
நான் கட்டட வேலைலதான் இருக்கேன், அதனால கம்பி, நூல் ரெண்டு பத்தியும் சொல்றேன். கயிறு கட்ட தரைல அடிக்கிற முளைக்கு 6 மில்லி கம்பி போதும், மீட்டருக்கு 222 கிராம், 25 சென்டிமீட்டரா வெட்டுனா ஒண்ணு 55 கிராம் வரும். தலைய கொக்கி மாதிரி வளைச்சு நுனிய கிரைண்டர்ல தீட்டிக்குங்க. அதுவும் பாரம்னா கவ்வாத்து மிலாறுல, அதான் தேயிலைச் செடிய கவ்வாத்து பண்ணும்போது வெட்டிப் போடுற கிளைல, நல்ல கெட்டி குச்சியா பாத்து சீவிக்குங்க, தோட்டத்துல அதுக்கு காசே இல்ல. லெவல் பாக்குற நைலோன் நூல் நல்ல பலம், ஆனா நனைஞ்சா இழுபட்டு தொங்கும், ராத்திரி எந்திரிச்சு ஒருக்கா இறுக்கணும். நாலஞ்சு இழை சேத்து முறுக்குங்க, தனி இழை கைய அறுக்கும், இருட்டுல காலும் தடுக்கும்.

குளிருக்கு, தகரத்துக்கு அடில அடிக்கிற ஃபொயில் ஷீட். அதுல ரெண்டு வகை இருக்கு. குமிழ் குமிழா இருக்கத வாங்காதீங்க, இடுப்பும் தோளும் அமுத்துற எடத்துல குமிழ் உடைஞ்சு தட்டையாயிரும். ஃபோம் வச்சதுல 5 மில்லி வாங்கி ரெண்டா மடிச்சு விரிங்க. மினுக்கம் ஒண்ணும் செய்யாது, ஃபோமுக்குள்ள அடைஞ்ச காத்துதான் தரைக் குளிர தடுக்குது. அதுக்கு அடில ஒரு பழைய படங்கு இருந்தா போதும், அம்மாமார் கொழுந்தெடுக்க இடுப்புல கட்டுறதே மண்ணுக்கும் ஈரத்துக்கும் நல்லா தாங்கும். கூரைக்கு போடுற கண்ணாடிப் பஞ்ச மட்டும் தொடாதீங்க, தோலெல்லாம் அரிக்கும், தொண்டைக்குள்ளயும் போகும்.

ஒஹிய பாதை
மேல சொன்னதெல்லாம் சரி. நெருப்பு விஷயத்த நான் கொஞ்சம் அழுத்தி சொல்றேன், ஏன்னா இதுல உயிரே போகும். உடைஞ்ச அஸ்பெஸ்டஸ் துண்ட அடுப்புக்கு அடில வைக்கிற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, சூட்டுல அது பட்டுனு வெடிக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு கேடு. நாகம் (சிங்க்) பூசின தகரத்துலயும் அடுப்பு செய்ய வேண்டாம், நல்லா சூடேறுனா வர்ற புகைல காய்ச்சல் வரும். காத்து மறைக்க மெல்லிசு அலுமினிய தகடு ஓகே, ஆனா சிலிண்டர் மேலயே மாட்டுற கேஸ் அடுப்புன்னா முழுசா சுத்தி மூடாதீங்க, சிலிண்டர் சூடேறும். எவ்வளவு குளிரடிச்சாலும் சரி, கரியோ அடுப்போ ஷீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போகவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசம் இல்ல தம்பி, தூங்கிக்கிட்டே போயிருவாங்க.

தலவாக்கலை பொடியன்
ரொம்ப நன்றி அண்ணன்மாரே, பைப் ஐடியாவ விட்டுட்டோம். இதே செட்ட ஹோட்டன் சமவெளிக்கும் கொண்டு போகலாமா?

ஒஹிய பாதை
அங்க சரிவராது, அது தேசிய பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்துல முன்கூட்டியே அனுமதி எடுத்து அவங்க காட்டுற எடத்துலதான் தங்கணும், வாசல்லயே பேக்க தொறந்து பாத்து பொலித்தீன எடுத்துருவாங்க. 2,100 மீட்டர் உயரம் வேற, ஜனவரி பெப்ரவரில புல்லு மேல உறைபனி படியும், ரெண்டு பக்கமும் தொறந்த ஷீட்டுல தூங்க முடியாது. அதுக்கு துணி டென்ட் வாடகைக்கு எடுங்க, ஃபோம் ஷீட்ட மட்டும் கொண்டு போங்க. பீக்கோ டிரெயில்ல தேயிலைக்குள்ள தங்குறதுன்னா தோட்ட ஆபீஸ்ல கேட்டுட்டு தங்குங்க.